என் பெயரைச் சொல்ல நெய்வேலிக்குப் போனேன்

கடிதம் வந்தபோது நான் ஈப்போவில், அச்சகத்தின் பின்னறையில் கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நெய்வேலியில் பதினோரு பேர் கூடுகிறார்கள். எல்லோரும் எழுதுகிறவர்கள் அல்லது வரைகிறவர்கள். மாற்றுத்திறனாளிகள், ஆட்டிசம் போல மனம் வேறு விதமாக இயங்குகிறவர்கள், திருநங்கைகள், தன் பாலினரை நேசிக்கிறவர்கள். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், மூன்று நாளும் வேறு நிகழ்ச்சியே கிடையாது என்று அதில் எழுதியிருந்தது.

எனக்குத் திக்குவாய். வாயைத் திறந்தாலே திக்கும் என்றில்லை. பாட்டு வரும். பக்கத்து வீட்டு நாயைத் திட்டுவது சரளமாக வரும். தனியாக இருக்கும்போது செய்தித்தாளை உரக்கப் படிப்பேன், ஓர் எழுத்துக்கூட இடறாது. யாராவது எதிரே நின்று "உங்க பேரு?" என்று கேட்டால்தான் உதடு ஒட்டிக்கொள்ளும். என் பெயர் பரமேஸ்வரி. அந்த முதல் 'ப'வைத் தாண்டுவதற்குள் கேட்டவர் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அப்பா இருந்தவரை அவரே முந்திக்கொண்டு என் பெயரைச் சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு அடையாள அட்டையை நீட்டப் பழகினேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். இரண்டு வெளியீட்டு விழாவிலும் என்னை அறிமுகப்படுத்தியது வேறு யாரோ.

நான் பொறாமைக்காரி. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் சளசளக்கிற பெண்ணைப் பார்த்தால்கூட வயிறு எரியும். நெய்வேலியில் கூடுகிற எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இடறுகிறவர்கள்தானே, அவர்கள் நடுவிலாவது பொறாமை இல்லாமல் மூன்று நாள் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். வருகிறேன் என்று பதில் எழுதியதற்கு அதுதான் காரணம்.

சென்னையில் பேருந்து ஏறியதும் நடத்துனர் வந்து "எங்கம்மா?" என்றார். நெய்வேலி என்று சொல்ல வாயெடுத்தேன். 'நெ' மாட்டிக்கொண்டது. அவர் சில நொடி பார்த்துவிட்டு, "யோசிச்சு வைங்க" என்று அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். அவமானத்தில் "வடலூர்" என்று சொல்லிவிட்டேன். 'வ' எனக்கு எப்போதும் வரும். வடலூர் நெய்வேலிக்கு அடுத்த ஊர் என்று கடிதத்தில் இருந்த வழிக்குறிப்பிலிருந்து தெரியும். நெய்வேலி வந்ததும் பேசாமல் இறங்கிக்கொண்டால் போயிற்று.

பண்ருட்டியில் ஜன்னல் வழியாகப் பலாச்சுளை வாங்கித் தின்றேன். எங்கள் ஊர்ச் செம்படாக் பழம் இதற்கு ஒன்றுவிட்ட தங்கை; மணம் அதிகம், சதை குறைவு. தின்ற மயக்கத்தில் கண் அசந்தேன். விழித்தபோது நடத்துனர் தோளைத் தட்டி, "வடலூர் எறங்கும்மா" என்றார். நெய்வேலி பின்னால் போயிருந்தது.

வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து, சபைக்குப் பக்கத்தில் அன்னதானப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், ஒரு கீரை. பரிமாறியவர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, இலையை மட்டும்தான் பார்த்தார். இந்தியாவில் அன்றைக்குத்தான் வந்திறங்கியிருந்தேன். வந்ததிலிருந்து நிம்மதியாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான். சாப்பிட்டு முடித்து, நான் தங்கவேண்டிய வீட்டுக்காரிக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினேன். பேசச் சொன்னால் செத்துவிடுவேன்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உயரமான பெண். பச்சைச் சுடிதார், காலில் மண் ஒட்டிய ரப்பர் செருப்பு.

"பரமேஸ்வரி அக்காதானே? நான் தேன்மொழி." அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். "வடலூர்ல ஏங்கா எறங்கினீங்க? நெய்வேலி ஆர்ச் கேட்டுல நான் ஒரு மணி நேரமா நின்னுகினு இருந்தேன்."

"'வ' நல்லா வரும்" என்றேன்.

ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். "புரியுது. ஏறுங்க."

தேன்மொழி திருநங்கை, கவிதை எழுதுகிறவள், முப்பது வயது. டவுன்ஷிப் நர்சரியில் கான்ட்ராக்டில் செடி வளர்க்கிறாள். வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் புதியவர். "நான் தேன்மொழி, மந்தாரக்குப்பத்துல இருக்கேன்" என்று அவரிடமும் சொன்னாள். பெட்ரோல் போட்ட இடத்தில் சொன்னாள். அன்று மாலைக்குள் அவள் தன் பெயரை ஆறு தடவை சொல்லி நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், தான் வாங்கின புது நகையைக் காட்டுகிறவள் மாதிரி கொஞ்சம் நிறுத்தி, ரசித்துச் சொன்னாள்.

டவுன்ஷிப்புக்குள் மரங்கள் சாலைக்கு மேலே கைகோத்து நின்றன. வீடுகள் பிளாக் பிளாக்காக எண் போட்டு இருந்தன, எங்கள் ஊரில் மலாய் மொழியில் தாமான் என்கிற குடியிருப்புகளைப்போல. ஆனால் இங்கே ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் தோட்டம். மரங்களுக்குப் பின்னால் புகைபோக்கிகள். சுரங்கத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டினாள். ஈப்போவிலும் சுரங்கங்கள் உண்டு, ஈயம் எடுத்தது. எடுத்து முடித்த குழிகளில் தண்ணீர் தேங்கி ஏரியாகி, பக்கத்தில் ஹோட்டல் கட்டிவிட்டார்கள். இங்கே குழி இன்னும் உயிரோடு இருந்தது. அடியில் ராட்சதச் சக்கரம் ஒன்று சுழன்று மண்ணை வாரிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா அங்கதான். பர்மனெண்ட்" என்றாள். "நாங்க பொறந்து வளந்தது குவார்ட்டர்ஸ்லதான். ஏழு வருஷமா நான் தனி. நாளைக்கிக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன். வருவாரான்னு தெரியல."

அவள் வீடு ஒரே அறை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அதன் ருசிக்கு முன்னால் எங்கள் ஊர் நெத்திலிச் சம்பல் கைகட்டி நிற்க வேண்டும். சாப்பிடும்போது, பெயர் எப்படிக் கிடைத்தது என்று துண்டுத்தாளில் எழுதிக் கேட்டேன்.

"காலண்டர் தாள் பின்னாடி முப்பது பேரு எழுதினேன்கா. ஒரு நாளைக்கி ஒரு பேரு. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் செடிகிட்ட அந்தப் பேர சொல்லிகினே இருப்பேன். சிலது மத்தியானத்துக்குள்ள அலுத்துப்போயிடும். தேன்மொழி அலுக்கவே இல்ல."

பெயரைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். நான் பொறுக்கியிருந்தால் உமா என்று எடுத்திருப்பேன். உயிரெழுத்து, உதட்டைக் குவித்தால் போதும். நாற்பத்தாறு வருஷமாக என் பெயர் என் தொண்டையில் நிற்கிறது. இவள் செடிகளுக்குச் சொல்லிப் பார்த்து எடுத்துக்கொண்டுவிட்டாள். வீட்டைவிட்டு வந்தவள், ஒற்றை அறையில் இருப்பவள், தெருவில் என்னென்னவோ கேட்டிருப்பவள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வயிறு எரிந்தது.

அந்தச் சாயங்காலமே ஏற்பாட்டாளர் சேகர் சார் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "எல்லாரும் அறிமுகத்த எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. கையேட்டுல ஆளுக்கு ஒரு பக்கம். நீங்க புரூஃப் பாக்கறவங்க, ஒரு தடவ பாத்து நாளைக்கிக் காலைல டிடிபி கடைல குடுத்திடுங்க" என்று ஒரு கட்டுத் தாளைத் தந்தார்.

எல்லோருடையதையும் படித்தேன். தேன்மொழியுடையதைக் கடைசியில் படித்தேன். அதில் ஒரு பத்தி:

'செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில், மதியம் நான் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது அப்பாவின் பஸ் என்னைத் தாண்டிப் போகும். அவர் ஜன்னலோரம் இருப்பார். என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏழு வருஷமாக எனக்குத் தெரிந்த அப்பா, மணி பார்க்கிற அப்பாதான். போன மாதம் பஸ்ஸில் புதிதாக வந்த ஒருவர், யார் அந்தப் பெண் என்று கேட்டாராம். அப்பா, தேன்மொழி என்றாராம். பக்கத்தில் இருந்த மாணிக்கம் மாமா வந்து சொன்னார். என் பெயரை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் பெயர் ஆனது.'

மூன்று தடவை படித்தேன். நான் இப்படி ஒரு பத்தி எழுதியதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு பஜாரில் டிடிபி கடை. தேன்மொழி என்னை விட்டுவிட்டு நர்சரிக்குப் போய்விட்டாள். தட்டச்சு செய்த பெண், "இவங்களோடது மட்டும் ரெண்டாம் பக்கம் போவுது மேடம். எழுத்தச் சின்னதாக்கினா அடங்கிடும்" என்றாள். எனக்கும் தெரியும். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தியைச் சுற்றி வளைத்து, நீக்கு என்கிற குறியைப் போட்டேன். அதற்கு வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு எட்டாவது பிளாக்கில் ஒரு சின்னக் கூடத்தில் ஆரம்பித்தார்கள். பிரம்பு நாற்காலிகள், மண்பானைத் தண்ணீர், பெரிய பாத்திரத்தில் வெண்பொங்கல்.

முதலில் செல்வராசு. காது கேளாத ஓவியர். நிலக்கரித் தூளில் விரலைத் தோய்த்து வெள்ளைத் துணியில் வரைகிறவர். அவர் கையால் பேசினார். மனைவி கௌரி பக்கத்தில் நின்று எங்களுக்காக அதை வாய்ப்பேச்சாக மாற்றினார். "என் பேர இப்பிடித்தான் காட்டுவேன்னு சொல்றாரு. கன்னத்துல கரி பூசிக்கிற மாதிரி. சின்ன வயசுல கூட்டாளிங்க வெச்சது." அவர் கைகள் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அவருக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதில் அவர் சரளம். எனக்கு இருப்பது எல்லோருக்கும் இருக்கிற அதே மொழி, அதிலேயே நான் முடம். அவர்மேலும் பொறாமை வந்தது.

அடுத்து நந்தினி. ஆட்டிசம் உள்ள பெண், வயது இருபத்தெட்டு. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். டவுன்ஷிப்பின் ஒவ்வொரு தெருவையும் மரம் மரமாக வரைந்த நாற்பது படங்களைத் தரையில் பரப்பினாள். "இதுதான் நான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தோம். அறிமுகம் முடிந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு வழி ஏன் தோன்றவில்லை?

பன்னிரண்டரைக்குத் தேன்மொழி எழுந்தாள். அப்போதுதான் கூடத்தின் பின்வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சுரங்கச் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. உள்ளே வரவில்லை. தேன்மொழியின் முகம் போன போக்கிலேயே அவர்தான் அப்பா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அச்சான கையேட்டைப் பிரித்துப் படித்தாள். கணீரென்ற குரல். அந்த இடம் வந்தது. பத்தி இல்லை. நின்றாள். பக்கத்தைத் திருப்பினாள், அடுத்த ஆளின் பக்கம். மறுபடி திருப்பினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். 'சரிக்கா' என்பதுபோல லேசாகத் தலையை அசைத்துவிட்டு, எஞ்சியதைப் படித்து முடித்தாள். நான் வெளிநாட்டிலிருந்து வந்த எழுத்தாளர், பிழை திருத்துகிறவள், நல்லதாக இல்லாததைத்தான் எடுத்திருப்பேன் என்று நம்பினாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அவள் அப்பா வெளியே நடந்தார். மணி பார்த்துக்கொண்டேதான் போனார்.

நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். மூலப்பிரதி என் பையில் இருந்தது. சாலைக்கு எதிரே கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் தனியாக நின்றிருந்தார். தாளை நீட்டி, சிவப்பில் வளைத்த பத்தியைக் காட்டினேன்.

"எம் புள்ள எழுதுனதா?" என்றார். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி லாக்கர்ல கெடக்குது. இப்ப பஸ் வந்துரும். நீங்களே படிச்சிருங்கம்மா."

வேறு வழியில்லை. படித்தேன். முதல் வரிக்கே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணியது. அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பார்க்கிற அப்பா என்கிற இடம் வந்தபோது, இடது கையைச் சாப்பாட்டுப் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சாலை முனையில் பஸ் திரும்பியது. நான் 'யார் அந்தப் பெண்' வரை வந்துவிட்டேன். அதற்கடுத்த சொல்லில் நின்றுவிட்டது.

"தே... தே..."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

"தேன்மொழி" என்றார் அவர்.

யாராவது என் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிச் சொன்னால் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். அப்பாவிடம்கூட வந்திருக்கிறது. அன்றும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். பஸ் படியில் கால் வைக்கப் போனவர் திரும்பினார்.

"பஸ்ல நான் அப்பிடி சொல்லலீங்க" என்றார் பிறகு, தணிந்த குரலில். "அந்த ஆளு கேட்டான், மெய்தான். நான் வாயத் தொறக்கல. மாணிக்கம் எதையோ இட்டுக் கட்டியிருக்கான்."

தாளை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

சாயங்காலம் தேன்மொழி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். அது கோழைத்தனம் என்று பட்டது.

"நா... நான்தான் வெட்டினேன்."

"தெரியும்கா. நல்லால்லன்னு வெட்டினீங்க. எனக்கே சந்தேகமாதான் இருந்துச்சு."

"இல்ல. நல்லா இருந்திச்சி. அ... அதான் வெட்டினேன்."

கத்தி நின்றது. பஸ் நிறுத்தத்தில் நடந்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. மாணிக்கம் சொன்னது பொய் என்பதை மறைக்கலாமா என்று கடைசி வரை யோசித்தேன். ஏற்கெனவே ஒரு பத்தியை மறைத்தவள் நான். அதையும் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "மாமா வந்து சொல்லும்போதே மூஞ்சிய பாத்தேன். பொய்யின்னு தெரிஞ்சிதான் எழுதினேன். அப்பா காதுல விழட்டும், அவரே வந்து நான் அப்பிடி சொல்லலியேன்னாவது எங்கிட்ட பேசட்டும்னு." நறுக்கியதைத் தண்ணீரில் போட்டாள். "நீங்க அதக் கெடுத்துட்டீங்க."

அதற்குமேல் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பாய் விரித்தாள், காலையில் இட்லி வைத்தாள். "பசியாறியாச்சா" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் அவளைக் கேட்டேன். சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

மூன்றாம் நாள் என் முறை. கூடத்தில் நடுவே நின்றேன். சேகர் சார் தலையசைத்தார். தேன்மொழி பின்னால், முதல் நாள் அவள் அப்பா நின்ற வாசலருகில் உட்கார்ந்திருந்தாள். 'ப'வில் உதடு ஒட்டிக்கொண்டது. யாரும் இருமவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் பெயர் வெளியே வந்து விழுந்தது, முழுசாக, ஆனால் சத்தம் அதிகமாக.

"ஐம்பத்திரண்டு செகண்டு" என்றாள் நந்தினி. கிண்டல் இல்லை. அவள் எண்ணியிருக்கிறாள், சொன்னாள். செல்வராசுவுக்குக் கௌரி அதைக் கையால் சொன்னார். அவர் எனக்கு இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம். பத்து நிமிடத்தின் மிச்சத்தில் நான் சொன்னது மொத்தம் ஆறு வாக்கியம். அதில் ஒன்று, நான் பொறாமைக்காரி என்பது. யார்மேல் என்று சொல்லவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஸ்கூட்டரில் அவளே கொண்டுவந்து ஆர்ச் கேட்டில் விட்டாள். சென்னைப் பேருந்து வரக் காத்திருந்தோம். பக்கத்தில் முந்திரிப்பருப்பு விற்கிற பெண்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"அக்கா" என்றாள். "அப்பா இன்னும் எங்கிட்ட வரல. வருவாரோ மாட்டாரோ. ஆனா சொன்னாரில்ல? என் பேர?"

தலையாட்டினேன்.

"அத நீங்க கேட்டீங்க. நான் கேக்கல." சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க சொன்ன ராத்திரியிலேருந்து எனக்குத் தாங்கல. உங்கமேல அவ்ளோ பொறாமையா இருக்கு."

என்மேல் பொறாமைப்பட்ட முதல் மனுஷி அவள்தான். எத்தனையோ வருஷம் நான் ஏங்கியது அது. வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

"எப்பிடி சொன்னாரு?" என்றாள். "கோவமாவா, சாதாரணமாவா? அவர் சொன்ன மாதிரியே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க."

அவர் சொன்ன விதம் என் காதில் அப்படியே இருந்தது. முன்பாதி அவசரம், பின்பாதியில் குரல் இறங்கிவிட்ட அந்தச் சொல். வாயைத் திறந்தேன். நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டது. "தே..." என்றேன். "தே..." பேருந்து வந்து நின்று, ஆள் ஏறி, கிளம்பிப் போனது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெயரை எனக்கு எடுத்துக் கொடுக்கவும் இல்லை. என் எதிரே நின்று, என் உதட்டைப் பார்த்தபடி, நான் சொல்லி முடிக்கிறவரை காத்துக்கொண்டிருந்தாள்.